லீட் ஆடிட்டர் கோர்ஸ் முதலா, தொழில் முதலா?

கேள்வி இதுதான்: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, கோவை கணபதி பக்கம் ஒரு பம்புக் கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவில் (க்யூ.சி.) மூன்று வருடமாக வேலை. ஐ.எஸ்.ஓ. ஆடிட்டர் ஆக வேண்டும். ஆடிட் குழுவை நடத்தும் லீட் ஆடிட்டருக்கான ஐந்து நாள் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா, கட்டினால் வேலை கிடைக்குமா? திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தங்கைக்கும் இதில் வழி உண்டா?

கோர்ஸ் வேண்டும். ஆனால் அது மூன்றாவது படி. முதல் இரண்டு படிகளும் நீங்கள் இப்போது பார்க்கும் வேலைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நேராகக் கோர்ஸுக்குப் போனால் சான்றிதழ் கையில் இருக்கும், ஆடிட்டுக்கு அனுப்ப ஆள் இருக்காது. லீட் ஆடிட்டர் சான்றிதழைப் பயோடேட்டாவில் மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் நிறைய.

காரணம் புரிய, ஆடிட்டில் எத்தனை தரப்பு என்று தெரிய வேண்டும். கம்பெனி தன்னைத்தானே பார்த்துக்கொள்வது இன்டர்னல் ஆடிட். வாங்குகிறவர் தன் சப்ளையரைப் போய்ப் பார்ப்பது இரண்டாம் தரப்பு. மோட்டார் கம்பெனி தனக்குக் காஸ்டிங் ஊற்றும் பவுண்டரிக்கு ஆள் அனுப்புகிறதே, அதுதான். இருவருக்கும் சம்பந்தமில்லாத சான்றளிப்பு நிறுவனம் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது மூன்றாம் தரப்பு. இந்த நிறுவனத்தை எல்லோரும் சி.பி. என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பு தரநிலையை எழுதுவதோடு சரி, யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. சி.பி.க்கள் 17021-1 என்ற தரநிலைப்படி நடக்க வேண்டும். நடக்கின்றனவா என்று பார்த்து அங்கீகாரம் கொடுப்பது இந்தியாவில் க்வாலிட்டி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் கீழ் இருக்கும் என்.ஏ.பி.சி.பி. வெளிநாட்டு அங்கீகாரத்தோடு இங்கே வேலை செய்யும் சி.பி.க்களும் உண்டு. உங்கள் பம்பில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இதில் சேராது. அது பொருளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். கொடுக்கும் சான்று.

சி.பி. ஒருவரை ஆடிட்டராக எடுக்கும்போது கோர்ஸ் சான்றிதழுக்கு முன்பே பார்ப்பது ஒன்று உண்டு: இவருக்கு எந்தத் தொழில் தெரியும்? இதற்கென்று தொழில்களை 39 பிரிவாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள், சர்வதேச அங்கீகார மன்றத்தின் பெயரால் ஐ.ஏ.எஃப். கோடு என்பார்கள். கொங்கு நாட்டுத் தொழில்களை அதில் பொருத்திப் பார்த்தால் படம் தெளிவாகும். சிட்கோ, அரசூர் பக்கத்துப் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் 17, உலோகமும் உலோகப் பொருட்களும். பம்பு, டெக்ஸ்டைல் மெஷினரி எல்லாம் 18, இயந்திரங்கள். மோட்டார், பேனல் போர்டு 19. திருப்பூர் பனியனும் கரூர் வீட்டு உபயோகத் துணியும் 4. நாமக்கல் முட்டைப் பொடி, ஈரோட்டு மஞ்சள் அரவை, சேலத்து ஜவ்வரிசி 3. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகள் 33. உங்களுக்கு எந்தக் கோடு இருக்கிறதோ அந்தக் கம்பெனிகளுக்குத்தான் உங்களை அனுப்ப முடியும். கோடு இல்லாத இடத்துக்கு அனுப்பினால் அந்த சி.பி.யின் அங்கீகாரத்துக்கே ஆபத்து.

அதனால்தான் ஒரே ஆடிட்டர் 17, 18, 19 மூன்றையும் வைத்திருந்தால் கோவை மாவட்டத்துக்குள்ளேயே ஓய்வில்லாமல் வேலை இருக்கும். உங்களுக்கு அது கைக்கெட்டும் தூரம். பம்புக் கம்பெனியில் காஸ்டிங் வாங்குவதும், மெஷினிங் செய்வதும், மோட்டார் வைண்டிங்கும், அசெம்பிளியும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. ஆனால் இதைச் சொல்லும் காகிதம் வேண்டும், அதுதான் முதல் படி. நம் ஊர்க் கம்பெனிகளில் கொடுக்கும் அனுபவச் சான்று இரண்டே வரி: "இன்னார் எங்களிடம் க்யூ.சி. இன்ஜினியராகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று." இதை வைத்து எந்த சி.பி.யும் கோடு தராது. என்ன பொருள், எந்தெந்தப் பிராசஸ், என்னென்ன சோதனை, எந்தத் தரநிலைப்படி, எத்தனை வருடம் என்று ஒரு பக்கம் எழுதி, லெட்டர்ஹெட்டில் அடித்து, கையெழுத்து வாங்குங்கள். "ஐ.எஸ். 14220 ஓபன்வெல் சப்மெர்சிபிள், ஐ.எஸ். 9079 மோனோசெட், எஃப்.ஜி. 200 காஸ்டிங்கின் வரத்துச் சோதனை, ஸ்டேட்டர் வைண்டிங் ஹை வோல்டேஜ் டெஸ்ட், பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட்" என்று இருந்தால் படிப்பவருக்கு உடனே புரியும். வேலையை விடும் நாளில் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம். உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது படி இன்டர்னல் ஆடிட். உங்கள் கம்பெனி தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் வைத்திருந்தால் பிரிவு 9.2-இன்படி திட்டமிட்ட இடைவெளியில், வழக்கமாக வருடா வருடம், இன்டர்னல் ஆடிட் நடத்தியே ஆக வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது எப்படி நடக்கிறது என்பது ஊரறிந்தது: வெளி ஆடிட்டுக்குப் பத்து நாள் முன்பு, போன வருட ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி அச்செடுப்பது. அந்த வேலையை நீங்கள் கேட்டு வாங்குங்கள். முதலாளி சந்தோஷமாகத் தருவார், ஏனென்றால் யாருக்கும் அது பிடிக்காது. இரண்டு நாள் இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சி போதும். உங்கள் சொந்த டிபார்ட்மெண்டை நீங்கள் ஆடிட் செய்யக்கூடாது. க்யூ.சி.யை வேறு யாராவது பார்க்கட்டும், நீங்கள் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், புரொடக்‌ஷன், டிஸ்பாட்ச் பாருங்கள்.

கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு பிரிவு 4-லிருந்து 10 வரை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவது பழக்கம். அப்படிச் செய்தால் எல்லாக் கேள்விக்கும் "ஆமாங்க, இருக்குதுங்க" என்ற பதில்தான் வரும். ஒரு பொருளைப் பிடித்து அதன் தடத்தில் பின்னோக்கிப் போங்கள். டிஸ்பாட்ச்சில் அட்டைப்பெட்டியில் நிற்கும் ஒரு பம்பின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் எடுத்துக் கொடுப்பதை அல்ல. அந்த நம்பருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் உண்டா? அந்த டெஸ்ட்டை எடுத்த பேனலில் இருக்கும் பிரஷர் கேஜ், ஃப்ளோ மீட்டர், வாட் மீட்டர் அன்றைய தேதியில் கேலிபரேஷனுக்குள், அதாவது சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்த கெடுவுக்குள், இருந்தனவா? டெஸ்ட் எடுத்தவர் யார், அவருக்குப் பயிற்சி கொடுத்த பதிவு எங்கே? கேசிங்கில் இருக்கும் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் ஊற்றியது என்று சொல்லும் எண்) என்ன, அந்த ஹீட்டுக்கு பவுண்டரி கொடுத்த சான்று எது? அந்த பவுண்டரி அங்கீகரித்த சப்ளையர் பட்டியலில் இருக்கிறதா, எதை வைத்து அங்கீகரித்தார்கள்? மெஷின் ஷாப்பில் தொங்கும் டிராயிங் எந்த ரிவிஷன், டிசைனில் இருப்பது எந்த ரிவிஷன்? ஒரே பம்பில் 7.1.5, 7.2, 7.5, 8.4, 8.5.1, 8.5.2, 8.6 என்று 9001-இன் ஏழு பிரிவைத் தொட்டாயிற்று. அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் தெரிவது, கேள்வித்தாளோடு இரண்டு நாள் சுற்றினாலும் தெரியாது.

தொழில் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் படும் விஷயங்கள் இந்தத் தடத்தில்தான் கிடைக்கும். 6205 பேரிங்கின் வெளி விட்டம் 52 மி.மீ. அதை உட்காரவைக்கும் ஹவுசிங்கை டிராயிங்கில் 52 எச்7 என்று போட்டிருந்தால் அனுமதி 0-லிருந்து 0.030 மி.மீ. வரை. அதை 0.02 லீஸ்ட் கவுண்ட் வெர்னியரில் பார்த்து "ஓகே" போட்டிருப்பார்கள். வெர்னியருக்குக் கேலிபரேஷன் ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கும், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேப்பின் சான்றும் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் அந்த அளவீடு உதவாது; முப்பது மைக்ரானை இருபது மைக்ரான் படியில் அளக்க முடியாது. போர் கேஜோ பிளக் கேஜோ வேண்டும். பவுண்டரியில் மணல் சோதனைப் பதிவேடும் இப்படித்தான். மணிக்கொரு தடவை ஈரப்பதம் 3.5, 3.5, 3.5 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மழை பெய்த நாளிலும் எழுதியிருந்தால் அது நாள் முடிவில் உட்கார்ந்து எழுதியது. அதைச் சொல்வதற்கு முன் மாய்ஸ்சர் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று ஒரு சாம்பிள் போடச் சொல்லிப் பாருங்கள். பல சமயம் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது எழுதுவது. ஆடிட்டரின் தரம் தெரிவது பேச்சில் இல்லை, என்.சி. எழுதும் விதத்தில். தரநிலைக்கு ஒத்துவராததைப் பதியும் குறிப்புதான் என்.சி. "கேலிபரேஷன் சரியாகப் பராமரிக்கப்படவில்லை" என்று எழுதினால் அது அபிப்பிராயம், மறுநாளே மறுத்துவிடுவார்கள். மூன்று பகுதி வேண்டும். தரநிலை கேட்பது என்ன, கண்ணால் கண்டது என்ன, எது தவறியது. உதாரணத்துக்கு: "9001:2015 பிரிவு 7.1.5.2, அளவீட்டின் தடத்தொடர்பு தேவைப்படும் இடத்தில் கருவிகள் குறித்த இடைவெளியில் கேலிபரேட் செய்யப்பட வேண்டும் என்கிறது. டெஸ்ட் பே 2-இல் பிரஷர் கேஜ் பி.ஜி.-04-இன் கெடு மார்ச் 14-ஓடு முடிந்திருந்தது. அதே கேஜை வைத்து ஏப்ரல் 22 முதல் 25 வரை பம்புகள் சோதிக்கப்பட்டு அனுப்பப்பட்டதை டெஸ்ட் ரிப்போர்ட் தொகுதி காட்டுகிறது. ஆகவே கேலிபரேஷன் கட்டுப்பாடு நடைமுறையில் இல்லை." யார் தவறு என்று இதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆள் பெயர் எழுதாதீர்கள், பதவி போதும்.

அதற்கு வரும் பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு என்று வாய்வழக்காகச் சொல்வோமே, அந்த அளவுக்கு வரும் பதில் இதுதான்: "காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்கப்பட்டது." இதை ஏற்கக்கூடாது. கேஜைக் கேலிபரேட் செய்து மாட்டியது உடனடித் திருத்தம்தான். கெடு முடிந்தது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் காரணம்: கேலிபரேஷன் பட்டியலில் டெஸ்ட் பேனல் கேஜ்களே சேர்க்கப்படாமல் இருக்கலாம், பட்டியல் வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். இன்னொன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கேலிபரேஷனில் அந்த கேஜ் தப்பாகக் காட்டியது தெரிந்தால், முன்பு அதை வைத்துச் சோதித்து அனுப்பிய பம்புகள் செல்லுமா என்று பார்க்க வேண்டும், இதையும் 7.1.5.2-தான் கேட்கிறது. ஆனால் வெளி ஆடிட்டராக ஆனபிறகு இந்தக் காரணத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்கக்கூடாது. 17021-1 அதை நேரடியாகவே தடுக்கிறது: என்.சி.யின் காரணத்தையோ தீர்வையோ ஆடிட்டர் சொல்லக்கூடாது. "நீங்களே சொல்லீருங்க சார், அப்படியே எழுதிக்கறோம்" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே மறுக்கப் பழகுங்கள்.

இப்படி ஓரிரு சுற்று முடித்தபின் லீட் ஆடிட்டர் கோர்ஸ் எடுங்கள். 40 மணி நேரம், வழக்கமாக ஐந்து நாள், கடைசியில் தேர்வு. ஆடிட்டர் கோர்ஸ்களை அங்கீகரிக்கும் சி.க்யூ.ஐ.–ஐ.ஆர்.சி.ஏ. அல்லது எக்ஸெம்ப்ளர் குளோபல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கோர்ஸா என்று பார்த்துச் சேருங்கள். இரண்டு நாளில், வாட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்பி முடித்துத் தரும் சான்றிதழ்களை எந்த ஒழுங்கான சி.பி.யும் திரும்பிப் பார்க்காது. போவதற்கு முன் 9001-ஐ முழுதாக ஒரு தடவையாவது படித்திருக்க வேண்டும். பயிற்சியாளர் பிரிவுகளைச் சொல்லித்தருவார் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் தேர்வில் திணறுவார்கள். கோர்ஸ் முழுவதும் ஆடிட் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது, தரநிலை தெரியும் என்று வைத்துக்கொண்டே நடக்கும். 19011-இன் இப்போதைய பதிப்பையும் படியுங்கள், அதுதான் ஆடிட் செய்வதற்கான வழிகாட்டி. 9001-க்கு 2024-இல் வந்த காலநிலை மாற்றத் திருத்தம் சிறியது, 4.1-லும் 4.2-லும் ஒவ்வொரு வரி. ஆனால் தேர்விலும் வேலையிலும் கேட்பார்கள். பதிப்புகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பணம் கட்டும் முன் எந்தப் பதிப்பில் நடத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வில் தேறினால் நீங்கள் பயிற்சி முடித்தவர், அவ்வளவுதான். பிறகு சி.பி.யில் பயிற்சி ஆடிட்டராகச் சேர்ந்து, அனுபவமுள்ள லீட் ஆடிட்டரின் கீழ் ஆடிட் செய்ய வேண்டும். எத்தனை என்பதை ஒவ்வொரு சி.பி.யும் தன் விதியில் வைத்திருக்கும். 19011-இன் பழைய 2002 பதிப்பில் ஒரு அட்டவணை இருந்தது: மொத்தம் ஐந்து வருட வேலை அனுபவம், அதில் இரண்டு வருடம் தரம் சார்ந்த வேலை, 40 மணி நேரப் பயிற்சி, நான்கு முழு ஆடிட்டில் 20 நாள், லீட் ஆக வேண்டுமானால் இன்னும் மூன்று ஆடிட், 15 நாள். இப்போதைய பதிப்பில் அந்த எண்கள் இல்லை. ஆனாலும் பல இடங்களில் கேட்பது இதை ஒட்டித்தான் இருக்கிறது. உங்கள் மூன்று வருடம் ஏன் இன்னும் கொஞ்சம் நீள வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள், காரணம் பணம். ஆடிட் எத்தனை நாள் என்பதை ஆள் கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள், அதற்கு ஐ.ஏ.எஃப். எம்.டி. 5 என்ற அட்டவணை உண்டு. 9001-க்கு முதல் சான்றிதழ் என்றால் 26 முதல் 45 பேர் வேலை செய்யும் இடத்துக்கு 4 ஆடிட்டர் நாள், 46–65 பேருக்கு 5, 86–125 பேருக்கு 7. சிக்கலைப் பொறுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். இது ஸ்டேஜ் 1 (தயார்நிலை பார்ப்பது), ஸ்டேஜ் 2 (முழு ஆடிட்) இரண்டும் சேர்ந்த கணக்கு. பிறகு வருடா வருடம் வரும் கண்காணிப்பு ஆடிட்டான சர்வைலன்ஸுக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மூன்றில் இரண்டு. 60 பேர் இருக்கும் பவுண்டரியின் சர்வைலன்ஸ் இரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். அந்த நாள் கணக்கில் பயிற்சி ஆடிட்டர் சேர்வதில்லை. நீங்கள் கூட இருந்தாலும் சி.பி. உங்கள் நாளுக்கு வாடிக்கையாளரிடம் பணம் வாங்க முடியாது, அதனால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் போக்குவரத்துச் செலவுதான், சில இடங்களில் அதுவும் இல்லை. வேலையை விட்டுவிட்டு இந்தக் கட்டத்துக்குள் இறங்காதீர்கள். லீவு போட்டுத்தான் போக வேண்டியிருக்கும். முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. உங்கள் கம்பெனியின் போட்டியாளரை ஆடிட் செய்யப் போகக்கூடாது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

முதல் நாளிலிருந்தே ஆடிட் பதிவேடு ஒன்று வையுங்கள்: தேதி, கம்பெனி, தரநிலை, கோடு, எத்தனை நாள், உங்கள் பங்கு, எந்தெந்தப் பிரிவு பார்த்தீர்கள், லீட் ஆடிட்டர் கையெழுத்து. ஒரு வருடம் கழித்துச் சேகரிக்கலாம் என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு சி.பி.க்குப் போயிருப்பார்.

தங்கைக்கு வழி உண்டு, ஆனால் அது வேறு வழி. திருப்பூரில் வாங்குகிறவர்கள் கேட்பது 9001-ஐ விட அதிகமாக தொழிலாளர் நிலையைப் பார்க்கும் எஸ்.ஏ.8000, செடெக்ஸின் ஸ்மெட்டா, பி.எஸ்.சி.ஐ., ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் இவற்றைத்தான். இவற்றில் தொழிலாளர் நிலையைப் பார்க்கும் சமூகத் தணிக்கைப் பக்கம் போகிறவர்கள் ஏ.பி.எஸ்.சி.ஏ. என்ற அமைப்பில் பதிவு செய்து, அதன் தேர்வுகளை எழுத வேண்டும். மெர்ச்சண்டைசிங் அனுபவம் கோடு 4-க்கு நல்ல அடித்தளம். ஆனால் சமூகத் தணிக்கைக்குச் சம்பளப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., வேலை நேரம், வயதுச் சான்று எல்லாம் படிக்கத் தெரிய வேண்டும். அவர் மாற வேண்டிய முதல் இடம் தன் கம்பெனியிலேயே எச்.ஆர். அல்லது காம்ப்ளையன்ஸ் மேசை.

அங்கே தொழில் தெரிந்தவருக்கு மட்டும் புரியும் ஒரு கணக்கு உண்டு. திருப்பூரில் தையல்காரரிடம் "நேத்து எவ்வளவுங்க?" என்று கேட்டால் "ஒன்றரை ஷிப்ட்டுங்க" என்பார். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு அரை நாள் சம்பளம் என்றால் அது ஒற்றைக் கூலி, ஓ.டி.க்குச் சட்டம் கேட்பது இரட்டைக் கூலி. அந்த நாளுக்கு அவருக்குச் சேர வேண்டியது இரண்டு ஷிப்ட் சம்பளம். மேசையில் வைக்கும் பதிவேட்டில் எட்டு மணி நேரமும், கூடவே அளவான ஓ.டி.யும் அழகாக இருக்கும். அதனால் பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதாது. அதே தேதியின் உற்பத்திச் சீட்டு, ஊசி முறிந்த பதிவேடு, கேட் பாஸ், செக்கிங் டேபிள் ரிப்போர்ட், வேன் டிரிப் ஷீட் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு ஊசி முறிந்ததாக ஒரு பதிவு இருந்து, ஐந்தரைக்கே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டதாக வருகைப்பதிவு சொன்னால், இரண்டில் ஒன்று பொய். எஸ்.ஏ.8000-இன் வரம்பு வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் 12 மணி நேர ஓ.டி. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் என்றால் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

டையிங் பக்கம் போனால் சுற்றுச்சூழல் தணிக்கை, 14001. நொய்யல் மாசு வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் ஓட்ட முடியும் என்றானதும் திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே ஆடிட்டர் கொள்கை வாசகத்தைப் படித்து நேரத்தைக் கழிக்கக்கூடாது. நான்கு மீட்டர் ரீடிங்கை ஒரு மாதத்துக்கு எடுத்து வரிசைப்படுத்துங்கள்: உள்ளே வந்த தண்ணீர், சுத்திகரிப்புக்குப் போன கழிவுநீர், ஆர்.ஓ.விலிருந்து திரும்பிய தண்ணீர், எவாப்பரேட்டருக்குப் போன ரிஜெக்ட். கூட்டிக் கழித்தால் கணக்கு மூட வேண்டும். மூடவில்லை என்றால் மீட்டர் தவறு, இல்லையென்றால் தண்ணீர் எங்கோ போகிறது. கரண்ட் ரீடிங்கையும் பாருங்கள். எவாப்பரேட்டர் ஓடியதாகப் பதிவேடு சொல்லும் நாளில் அதன் மின் செலவும் ஏறியிருக்க வேண்டும். பிறகு ஸ்லட்ஜ், அதாவது கழிவுச் சேறு வைக்கும் கொட்டகை: 2016-இன் அபாயக் கழிவு விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக்கூடாது, ஒவ்வொரு லோடுக்கும் அது எங்கே போகிறது என்று காட்டும் மேனிஃபெஸ்ட் சீட்டு வேண்டும், வருடாந்திர அறிக்கை படிவம் 4-இல் ஜூன் 30-க்குள் போயிருக்க வேண்டும். இதற்கு வேண்டியது கணிதம்கூட இல்லை, கூட்டல் கழித்தல்தான்.

இனி நேர்மை பற்றி, ஏனென்றால் இந்த ஊரில் இது வேறு மாதிரி வரும். லஞ்சம் என்று யாரும் நேரடியாக நீட்டமாட்டார்கள். முதலாளியே கார் அனுப்புவார், மதியம் வீட்டுச் சாப்பாடு வரும், கிளம்பும்போது தோட்டத்துத் தேங்காய் பத்தும் நாட்டுச்சர்க்கரை ஒரு பையும் டிக்கியில் ஏறியிருக்கும். "இதென்னங்க, நம்ம தோட்டத்துதுங்க" என்பார். சாப்பாடு பரவாயில்லை, பை வேண்டாம். உங்கள் சி.பி.யின் விதி என்ன சொல்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, அதைக் காரணமாகச் சொல்லி இறக்கிவைத்துவிடுங்கள். இன்னும் நுணுக்கமானது உறவு. கம்பெனி முதலாளி உங்கள் மாமன் வழியில் சம்பந்தியாகவோ, அப்பாவின் பங்காளியாகவோ இருப்பது இங்கே சாதாரணம். ஆடிட் ஒதுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் நீங்கள் எழுதிய நல்ல ரிப்போர்ட்டும் செல்லாது.

கன்சல்டன்ட் வேலையும் ஆடிட்டர் வேலையும் சேர்ந்து செய்யலாமா என்ற கேள்விக்கு: ஒரே கம்பெனிக்குக் கூடாது. நீங்கள் அமைப்பை உருவாக்கிக் கொடுத்த கம்பெனியை இரண்டு வருடத்துக்கு நீங்கள் ஆடிட் செய்ய முடியாது, இதுவும் 17021-1-இல் இருக்கிறது. "டாக்குமெண்ட், ஆடிட், சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஒரே ரேட், ஒரு வாரம்" என்று விற்கும் ஆட்கள் அவிநாசி ரோடு முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் தரும் சான்றிதழை, அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்களைப் பட்டியலிடும் ஐ.ஏ.எஃப். செர்ட்சர்ச் தளத்தில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் எழுதிய ஆடிட் நாட்களை நல்ல சி.பி. கணக்கில் எடுக்காது, அந்தப் பெயர் பயோடேட்டாவில் இருப்பதே பாதகம்.

மொழி விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ரிப்போர்ட் ஆங்கிலத்தில். ஆனால் பவுண்டரியில் மோல்டிங் செய்கிறவரும், திருப்பூரில் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருப்பவரும் இன்று பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவராக இருப்பார். சூப்பர்வைசரை வைத்து மொழிபெயர்க்கச் சொன்னால் சூப்பர்வைசர் சொல்ல நினைப்பதுதான் உங்கள் காதில் விழும். ஆளிடம் நேராகப் பேசும் அளவுக்கு இந்தி இருந்தால், ஆடிட்டராக உங்கள் மதிப்பு ஒரு படி உயரும். தமிழ் ஆட்களிடமும் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "ப்ரொசீஜர் ஃபாலோ பண்றீங்களா?" என்றால் "பண்றோங்க." "இந்தப் பீஸ் தப்பா வந்துட்டா அடுத்து என்ன செய்வீங்க, காட்டுங்க" என்றால் அவர் கை போகும் இடத்தில் பதில் இருக்கும்.

லீட் ஆனபிறகு இரண்டாவது தரநிலை சேருங்கள். உங்களுக்கு 45001, தொழிலகப் பாதுகாப்பு, இயல்பான அடுத்தது. 14001-உம் சேர்ந்தால் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஆடிட்டுகள் வரும், அவற்றில் நாட்கள் அதிகம். வாகனத் தொழிலுக்கான தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949 மேல் பலருக்குக் கண் இருக்கிறது. அதில் மூன்றாம் தரப்பு ஆடிட்டராவது மிகக் கடினம், சி.பி.க்களும் ஆட்களும் கட்டுப்படுத்தப்பட்ட எண்ணிக்கையில்தான். ஆனால் ஆட்டோமொபைல் சப்ளையர் ஒருவரிடம் இன்டர்னல் ஆடிட்டராகவோ சப்ளையர் ஆடிட்டராகவோ நுழையலாம், அந்தத் தொழிலின் தரக் கருவிகளான எஃப்.எம்.இ.ஏ., எம்.எஸ்.ஏ., எஸ்.பி.சி., பி.பி.ஏ.பி., ஏ.பி.க்யூ.பி. ஐந்தும் கையில் பழகியிருக்க வேண்டும். சொல்லப்போனால் முழுநேர வேலையாக, மாதச் சம்பளத்தோடு ஆடிட்டர் ஆவதற்கு இந்த இரண்டாம் தரப்பு வழிதான் கோவையில் மூன்றாம் தரப்பை விடச் சீக்கிரம் திறக்கும்; பெரிய கம்பெனிகளின் சப்ளையர் க்வாலிட்டி பிரிவில் விளம்பரம் பாருங்கள்.

சி.பி. ஒப்பந்தம் கையில் வந்ததும் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: எந்த அங்கீகார அமைப்பின் கீழ், எந்தெந்தக் கோடுகளுக்கு? எனக்கு எந்தக் கோடு தரப்போகிறீர்கள், எழுத்தில் தருவீர்களா? ஒரு நாளுக்கு எவ்வளவு, ரிப்போர்ட் எழுதும் நாளுக்கும் உண்டா? ராத்திரிப் பயணம், தங்கும் செலவு யாருடையது? ஆடிட் முடிந்து எத்தனை நாளில் பணம் வரும்? என்னை ஆடிட்டில் நேரில் வந்து பார்த்து மதிப்பிடப்போவது யார், எப்போது? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் வேண்டாங்க, நேரா போயிருங்க" என்று பதில் வந்தால் வேறு சி.பி. தேடுங்கள்.